புல்மோட்டைக் கறுப்பு மணலும் நனோமீற்றர் கணக்கும்

திருகோணமலையிலிருந்து சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். இல்மனைற் என்ற கனியம் தந்த நிறம் அது. இரும்பு, டைட்டானியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தது. அதை மணலிலிருந்து பிரித்தெடுப்பது அரச நிறுவனமான லங்கா மினரல் சாண்ட்ஸ்.

இல்மனைற்றிலுள்ள இரும்பை நீக்கினால் டைட்டானியம் டைஒக்சைட் என்ற வெண்தூள் மிஞ்சும். அந்தத் தூள் எந்த வேலைக்கு உதவும் என்பது பெரிதும் துணிக்கையின் பருமனைப் பொறுத்தது.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நனோமீற்றர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர். துணிக்கைகள் அதில் பாதியளவாக, 200 முதல் 300 நனோமீற்றராக இருந்தால் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்ற் இப்படித்தான் வெளுப்பாகத் தெரிகிறது. அதே பொருளை 50 நனோமீற்றருக்கும் கீழே நுண்ணியதாக்கினால் வெண்மை பெரும்பாலும் மறைந்துவிடும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் குணம் மட்டும் நிற்கும். வெயிலுக்குப் பூசும் கிறீம் தோலில் வெள்ளையாகப் படியாமல் காப்பது இதனால்தான்.

பருமன் குறையக் குறைய மேற்பரப்பு கூடும். ஒரு கிராம் தூளை 20 நனோமீற்றர் உருண்டைகளாக்கினால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 70 சதுர மீற்றருக்கு மேல். ஒரு சிறு வீட்டின் தரையளவு. வேதித் தாக்கம் நடப்பது மேற்பரப்பில்தான். புறஊதா ஒளி பட்டால் இந்தப் பொருள் நீரைப் பிரிக்கத் துணைசெய்யும் என்று 1972இல் யப்பானிய அறிஞர்கள் புஜிஷிமாவும் ஹொண்டாவும் காட்டினார்கள். தன்மேல் படியும் அழுக்கை வெயிலில் தானே சிதைக்கும் யன்னல் கண்ணாடி அந்த வழியில் வந்தது.

நுண்மைக்கு எச்சரிக்கையும் வேண்டும். இந்தத் தூளை உணவில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது. தூசாக மூச்சில் போவதும் நல்லதல்ல.

இலங்கைக்கு நனோ ஆய்வு புதிதல்ல. 2008இல் தொடங்கிய ஸ்லின்டெக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், யூரியாவை நனோத் துணிக்கைகளோடு பிணைத்து மெதுவாகக் கரையவைத்தார்கள். நெல்வயல் சோதனையில் பாதி யூரியாவோடும் விளைச்சல் குறையவில்லை என்ற முடிவு 2017இல் வெளியானது.

ஆனாலும் புல்மோட்டை இல்மனைற் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்திருக்கிறது. வெண்தூளாக்கும் ஆலை இங்கே அமையவேண்டும். அமிலக் கழிவு கடலில் கலக்காத ஏற்பாடு அதற்கு முன்பே வேண்டும். வேலையில் முதலிடம் குச்சவெளிப் பிரதேச இளைஞர்களுக்குக் கிடைக்கவேண்டும்.