இரண்டு சட்டங்களும் ஒரு குழப்பமும்

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து தழுவிச் செல்லும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூர் நகருக்கு மிக அருகில் இருப்பினும், நிர்வாகத்தில் அது மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆதிரங்கனைச் சேவிக்கவும், திப்புவின் கோட்டையைக் காணவும் நம்மவர் திரளாகச் செல்லும் ஊர். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேரூன்றிய வட்டாரம். சுற்றிலும் நெல்லும் கரும்பும் செழித்திருக்கும். கரும்பு விளையும் இடத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் மண்டியாவை அடுத்த அத்தகைய ஆலை ஒன்றில் ஸ்கான் இயந்திரத்தை வைத்து, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லி வந்தனர் என்ற செய்தி, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டையே திடுக்கிடச் செய்தது.

பெங்களூர்ப் போலீசார் கண்டுபிடித்த இவ்வழக்கில், பெண் கரு என்று அறியப்பட்டவை மைசூரில் கலைக்கப்பட்டன என்றும், சில ஆண்டுகளில் இவ்வாறு சுமார் 900 கருக்கள் அழிக்கப்பட்டன என்றும் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை சி.ஐ.டி. பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அதிர்ச்சி அடங்குமுன், 2024 மே மாதத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துள்ள பாண்டவபுரத்தில், அரசு மருத்துவமனை ஊழியர் குடியிருப்பிலேயே இதே தொழில் நடந்ததாக மற்றொரு வழக்கு எழுந்தது.

இச்செய்திகளைப் படித்தவர்களில் பலர், "கருக்கலைப்பு என்பதையே அடியோடு தடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டனர். நியாயமான சினத்தில் பிறந்த கேள்விதான். எனினும் இக்கேள்விக்குள் ஒரு குழப்பம் புகுந்திருக்கிறது. அக்குழப்பத்தால் துன்புறுகிறவர்கள் குற்றவாளிகள் அல்லர். சட்டப்படி உதவி நாடி வரும் பெண்களே.

நம் நாட்டில் இது பற்றி இரண்டு சட்டங்கள் உள்ளன. ஒன்று, 1971-இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். மற்றொன்று, கருவின் பால் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். முன்னது எந்த நிலையில் கருவைக் கலைக்கலாம் என்று சொல்லுகிறது. பின்னது ஆணா பெண்ணா என்று பார்ப்பதையும், பார்த்துச் சொல்வதையும் குற்றமாக்குகிறது. வெல்ல ஆலையில் நடந்ததாகச் சொல்லப்படுவது பின்னதற்கு விரோதமான செயல். 1991-இல் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்கு 945 ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2011-இல் 918 ஆகக் குறைந்ததென்றால், இரண்டாவது சட்டம் இன்னும் கண்டிப்புடன் செயற்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்காக முதலாவது சட்டத்தின் கதவை அடைப்பது எவ்வாறு பொருந்தும்?

அந்த முதலாவது சட்டம் பிறந்த வரலாறும் அறியத்தக்கது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்க அன்றி வேறு எக்காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. கலைத்தவர் மட்டுமின்றிக் கலைத்துக்கொண்ட பெண்ணும் தண்டனைக்குரியவளே. அதனால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை, இருட்டறைக்குள் சென்றது. குச்சியாலும் பச்சிலையாலும் உயிரிழந்த தாய்மார் எண்ணற்றோர். 1964-இல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. 1966-இல் அறிக்கை வந்தது. ஐந்தாண்டு விவாதத்திற்குப் பின் சட்டம் நிறைவேறியது. அதற்குள் பிரிட்டன் 1967-இல் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆண்ட மைசூர் சமஸ்தானமோ, 1930-லேயே அரசுக் கருத்தடை நிலையங்களைத் திறந்து வழிகாட்டியிருந்தது என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடலாம்.

ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு உரிமை வழங்கவில்லை. டாக்டருக்குப் பாதுகாப்பு வழங்கியது. நல்லெண்ணத்துடன் கருவைக் கலைக்கும் டாக்டர் குற்றவாளி ஆகார் என்பதே அதன் வாசகம். முடிவு செய்பவர் டாக்டர், பெண் கேட்டுக்கொள்பவள். இன்றளவும் நடக்கும் விவாதத்தின் ஆணிவேர் இதுவே எனலாம். 2009-இல் உச்ச நீதிமன்றம், மகப்பேறு பற்றிய முடிவு பெண்ணின் தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று கூறியது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும் என்றது. வன்முறைக்கு இரையானவர், சிறுமியர், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர் போன்றோருக்கு, இரு டாக்டர்களின் கருத்தின் பேரில் 24 வாரம் வரை இடமளித்தது. அதற்கு மேலும், கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவக் குழு முடிவு செய்தால் அனுமதியுண்டு. 2022 செப்டம்பர் 29 அன்று, மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரச் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது. 2023 அக்டோபரில், இரு குழந்தைகளின் தாயான ஒரு பெண் மனச்சோர்வு நோயுற்றிருந்த நிலையில், 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கோரினார். முதலில் அனுமதி கிடைத்தது. கரு குறையின்றி உயிர்வாழக் கூடியது என்று டாக்டர்கள் தெரிவித்ததும் நீதிபதிகளிடையே கருத்து வேற்றுமை தோன்றி, முடிவில் மூன்று நீதிபதிகள் மறுத்துவிட்டனர். வெளியே வந்தால் மூச்சுவிடக் கூடிய உயிரின் இதயத்தை நிறுத்த வேண்டுமா என்ற கேள்வி அற்பமானதன்று. ஆயினும் கருக்கலைப்புகளில் இத்தகையவை மிகச் சில. பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்பவை. சட்டமோ ஊரார் பேச்சோ அவற்றைத் தடுமாறச் செய்யும்போது என்ன ஆகிறது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

2015-இல் இந்தியாவில் சுமார் ஒரு கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்றும், அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளைக் கொண்டு நிகழ்ந்தன என்றும் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சட்டம் அனுமதிக்கும் நாட்டிலேயே இந்நிலை! பால் அறியும் குற்றங்களுக்காகச் சோதனைகள் நடக்கும்போதெல்லாம், மருந்துக்கடைக்காரர் இம்மாத்திரைகளை வைக்க அஞ்சுகின்றனர். டாக்டர்களும் பெண்களைத் திருப்பி அனுப்புகின்றனர். இதில் ஒரு முரண் உண்டு. மாத்திரை கொடுப்பதற்குரிய காலம் ஒன்பது வாரம். ஸ்கானில் ஆணா பெண்ணா என்பது தெரிவதோ பொதுவாகப் பன்னிரண்டு வாரத்திற்குப் பின்னர்தான். எனவே ஒன்பது வாரத்திற்குள் வரும் பெண்ணைச் சந்தேகத்துடன் பார்ப்பதற்கு விஞ்ஞான ரீதியாகவும் ஆதாரமில்லை.

அச்சமும் ஐயமும் மருத்துவரின் கையைக் கட்டும்போது விளைவது என்ன என்பதைக் கர்நாடகம் நன்கு அறியும். பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவரான சவிதா ஹாலப்பனவர், பிழைப்பை நாடி அயர்லாந்து சென்றவர். 2012-இல் 17 வாரக் கர்ப்பிணியான அவருக்குக் கரு தானே சிதையத் தொடங்கியது. கருவின் இதயத்துடிப்பு இருப்பதால் கலைக்க இயலாது என்று மருத்துவமனையில் மறுத்துவிட்டனர். இரத்தத்தில் நச்சு பரவி அவர் மாண்டார். அவர் மரணமே அந்நாட்டில் பெரும் இயக்கத்தை எழுப்பி, 2018 மே மாத வாக்கெடுப்பில் அரசியல் சட்டத்தையே மாற்றச் செய்தது.

சொந்த ஊரை விட்டு வந்து மைசூரிலும் மும்பையிலும் சூரத்திலும் வாழும் நம்மவருக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. மத்திய சட்டமாதலின் எம்மாநிலத்திலும் விதி ஒன்றே. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்குக் கணவனின் அனுமதியோ மாமியாரின் அனுமதியோ சட்டத்தில் தேவையில்லை. அவள் ஒப்புதல் போதும். அவள் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரியது. அரசு மருத்துவமனைகளிலும் அரசு அங்கீகாரம் பெற்ற இடங்களிலும் மட்டுமே இதைச் செய்யலாம். ஆனால் உடனடியாகச் செய்தாலன்றித் தாயின் உயிர் தப்பாது என்னும் நிலையில் இடமும் வாரமும் தடையாகா.

இவை ஏட்டில் உள்ளவை. ஒப்புதல் படிவம் கன்னடத்திலோ மராத்தியிலோ இருக்கும். மொழி தெரியாத பெண்ணுக்குப் பெரும்பாலும் கணவரோ அவர் வீட்டாரோதான் மொழிபெயர்ப்பாளர். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறியாமலேயே கையொப்பமிட நேர்கிறது. மருத்துவமனையில் தமிழறிந்த செவிலியர் எவரேனும் உளரா என்று விசாரித்து, அவரைத் தனியே அழைத்துப் படிவத்தை வாசிக்கச் சொல்வது நலம்.