21 நாளாகியும் குஞ்சு வரவில்லையா? முட்டையைத் தூக்கி எறியாதீர்!

ஜெஞ்சாரோம் பக்கமுள்ள ஒரு தோட்டத்திற்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் லயத்துப் பின்பக்கமிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, சம்பளக் கணக்கை அப்புறம் பேசுவோம். இந்த முட்டையக் கொஞ்சம் பாரு. இன்னியோட இருபத்தோரு நாளாச்சு. மூணுதான் பொரிச்சிருக்கு. மீதிய எல்லாம் காணுல கொட்டிடப் போறேன்."

கரண்டில் ஓடும் சின்னப் பெட்டி. உள்ளே 40 முட்டை வைத்திருக்கிறார். மகன் கொடுத்த காசும் சீட்டுப் பணமும் சேர்த்து வாங்கிய பெட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குக் கம்பத்துக் கோழிதான் கைச்செலவுக்கு வழி. "கொட்டாதீங்கக்கா, இன்னும் ரெண்டு நாள் பெட்டியைத் திறக்காம விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

23-ஆம் நாள் காலையில் போனால் மொத்தம் 22 குஞ்சுகள்! அன்று காணில் கொட்டியிருந்தால் 19 உயிரும் காணோடு போயிருக்கும்.

நம் தோட்டங்களில் பல வீடுகளில் நடப்பது இதுதான். 2023 நவம்பர் முதல் தேதி கோழிக்கான அரசாங்க உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீங்கின. 2025 ஆகஸ்டு முதல் தேதி முட்டைக்கான உதவித்தொகையும் நின்றது. அதனால் இது பொழுதுபோக்குப் பேச்சல்ல, வீட்டுக் கணக்கு.

ஏன் தாமதம்?

கோழிமுட்டைக்கு 21 நாள் என்பது சரியான சூடு கிடைத்தால்தான். காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 செல்சியஸ் வேண்டும். பழைய கணக்கில் 99.5 டிகிரி. காற்றாடி இல்லாமல் பல்பு மட்டும் எரியும் பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 இருக்க வேண்டும். அரை டிகிரி, ஒரு டிகிரி குறைந்தாலே குஞ்சு ஒரு நாள், இரண்டு நாள் பிந்தும்.

அக்காவின் பெட்டி முகப்பில் 37.5 என்றுதான் காட்டியது. காய்ச்சல் பார்க்கும் கருவியை உள்ளே வைத்துப் பார்த்தோம். 36.8 தான். மலிவுப் பெட்டி சொல்லும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. எகிப்து நாட்டில் மண்சூளை கட்டி ஆயிரக்கணக்கில் பொரித்த தொழிலாளிகள் முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்ப்பார்களாம். நமக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம், பழைய முட்டை. அக்கா 12 நாள் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு நாள் சேர்த்து வைத்தால் பொரிப்பதும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு வாரத்திற்கு மேல் போனால் கருவும் சாகத் தொடங்கும். அதிலும் நம் ஊர் வெக்கையில் அடுப்படித் தட்டில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, வலுவிழந்துவிடும். ஐந்து நாளுக்குள் அடை வைப்பது நல்லது.

இடியா, கரண்டா?

அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற பயம். இந்தப் பக்கம் இடி மழைக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் இடி முட்டையைக் கொல்வதில்லை. இடியோடு போகிற கரண்ட்தான் பெட்டியிலுள்ள முட்டைக்கு எமன். அதற்கு இரும்பு உதவாது.

கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காதீர்கள். கோணிச்சாக்கோ போர்வையோ போட்டு மூடுங்கள். காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்காதீர்கள், குஞ்சு மூச்சுவிட வேண்டும். நேரம் நீண்டால் சுடுதண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். அடைக்கோழியே தினமும் இரை தேடக் கொஞ்ச நேரம் எழுந்து போகிறதே! ஓரிரு மணி நேரம் சூடு குறைந்தால் பெரும்பாலும் தாமதம்தான், சாவில்லை. ஆனால் கரண்ட் வந்ததும் விட்ட சூட்டைப் பிடிக்கிறேன் என்று கூட்டி வைத்துவிடாதீர்கள். 40 டிகிரியைத் தாண்டினால் கரு செத்துப்போகும்.

கடைசி மூன்று நாள்

18-ஆம் நாளோடு முட்டையைப் புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். பெட்டியில் தண்ணீரைக் கூட்டி, ஈரப்பதம் 65, 70 விழுக்காடு இருக்கும்படி செய்ய வேண்டும். அப்புறம் மூடியைத் தொடக்கூடாது. ஆசையில் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் வெளியேறி, ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டில் துளை விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். பாவம் என்று நாமே ஓட்டை உரித்தால் இரத்தம் கொட்டும். அந்த நேரத்தில்தான் அது மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. பிறந்த குஞ்சு அந்த மஞ்சள் கருவிலேயே இரண்டு நாள் தாங்கும். பசிக்குமே என்று பதற வேண்டாம்.

பொரிக்காத முட்டை சொல்லும் பாடம்

மீதி 18 முட்டையில் விளக்கு அடித்துப் பார்த்தோம். அசைவில்லை. வாசலில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தோம். அக்கம்பக்கத்து வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஏழு முட்டையில் கருவே இல்லை. அக்காவிடம் 18 பெட்டைக்கு ஒரே சேவல். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். (கடை முட்டையை அடை வைப்பவர்களும் உண்டு. முட்டைப் பண்ணையில் சேவலே இருக்காது. எத்தனை நாள் காத்தாலும் பொரிக்காது.)

நான்கில் இரத்த வளையம். கரு முதல் வாரத்திலேயே செத்துவிட்டது. பழைய முட்டை, ஏறி இறங்கிய சூடு, சரியாகப் புரட்டாதது ஆகியவை காரணமாகலாம்.

ஐந்தில் முழுக் குஞ்சு, உள்ளேயே செத்திருந்தது. மூன்று சவ்வோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. "பேரப்பிள்ளைங்க பார்க்கணும்னு அடிக்கடி திறந்தேன் தம்பி" என்றார் அக்கா. இரண்டுக்கு அலகு கூர்முனைப் பக்கம் திரும்பியிருந்தது. அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. அந்த முனை கீழே போகும்படி வைத்தால் குஞ்சுக்கு மூச்சு கிடைப்பது கஷ்டம்.

கடைசி இரண்டும் அழுகல். கீறல் விழுந்த, எச்சம் படிந்த முட்டைகளை வைக்கவே கூடாது. 7-ஆம் நாள் இரவில் டார்ச்சு விளக்கு அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நரம்பு தெரிந்தால் உயிருண்டு. தெளிவாக இருந்தால் கூமுட்டை. எடுத்துவிடுங்கள், நாற்றமும் மிச்சம், இடமும் மிச்சம்.

நாம் எல்லாருக்கும் சொல்வது இதுதான். அடை வைத்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். 21-ஆம் நாள் ஆசையோடு பாருங்கள், 23-ஆம் நாள் வரை பொறுமையோடு இருங்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி வேண்டியதில்லை, நான்கு வீடு கூடி ஒன்று வாங்கினால் போதும். குஞ்சு வந்த பிறகு கோழிச் சம்பார் நோய்க்கான தடுப்பு மருந்து பற்றி மாவட்டக் கால்நடை இலாகாவில் கேளுங்கள். பொரித்ததை நோய்க்குக் கொடுக்க வேண்டாம்.

அக்கா இன்னொரு சேவல் வாங்கிவிட்டார். காய்ச்சல் பார்க்கும் கருவி இப்போது கோழிப் பெட்டிக்கு மேல்தான் இருக்கிறதாம். பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் கடைசி மூன்று நாள் அந்தப் பக்கம் போகத் தடை.