உங்களுக்குத் தெரியுமா? காற்றைத் தைத்த கொரியப் பெண்மணி

கொரியப் பெண்களின் மரபு உடையான ஹன்போக்கில் இரண்டு பகுதிகள்: குட்டையான மேல்சட்டை ஜொகொரி, மார்புக்கு மேல் கட்டி இறக்கும் அகலப் பாவாடை சிமா. தேகு நகரில் 1936-ல் பிறந்த லீ யங்-ஹீ, அந்த மேல்சட்டையை எடுத்துவிட்டு, சிமாவை மட்டும் தோள் தெரிய அணியும் மாலைநேர கவுனாக்கினார். நடந்தால் காற்றில் உப்பி, நின்றால் மெல்ல அடங்கும். பிரெஞ்சுப் பத்திரிகையாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘காற்றின் ஆடை’. எவ்வளவு பொருத்தம்!

தையலுக்கு அவர் வந்ததே நாற்பது வயதையொட்டித்தான். 1993-ல் பாரிஸ் ஆயத்த ஆடை மேடை ஏறிவிட்டார்.

அவர் விரும்பிக் கையாண்ட துணிகளில் ஒன்று மோசி. ராமி என்ற செடியின் நாரில் நெய்வது. வெயில் காலத்துக்கு ஏற்றது, கண்ணாடி போல் மெல்லியது. ஹன்சான் ஊர்ப் பெண்கள் நாரைப் பல்லால் கடித்துக் கிழித்து, எச்சில் தொட்டு, முழங்காலில் உருட்டி இழையோடு இழை சேர்ப்பார்கள். காற்று உலர்ந்தால் இழை அறுந்துவிடும். அதனால் ஈரப்பதம் குறையாத இடத்தில்தான் தறி ஓடும். இந்த நெசவை 2011-ல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கைகளின் உழைப்பை நினைத்தால், ஒரு முழம் மோசியைக்கூடக் கத்தரிக்க மனம் வராது.

லீ 2018-ல் மறைந்தார். அவருடைய ஆடைகளைக் குடும்பத்தார் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.