ஒரு தீவு, ஒரு நாள், இருவர்

மொரீஷியஸ் தீவின் நீளம் சுமார் 65 கிலோ மீட்டர்; அகலம் 45. இந்தக் கணக்கைச் சொன்னதும் உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்வார் தெரியுமா? "பூ, இவ்வளவுதானா! ஒரே நாளில் சுற்றிவிடலாமே!" என்று காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவார். அந்தப் பென்சிலை மெல்ல வாங்கி வைத்துவிடுங்கள், சகோதரிகளே! ஒரு நாளைக்கு நாலே இடங்கள் போதும்.

காலையில் பாம்ப்ளமூஸ் தோட்டம். 1770-இல் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே வாசனைப் பயிர்களை வளர்க்கத் தொடங்கினார். டச்சுக்காரர்கள் யாருக்கும் விடாமல் கட்டிக் காத்த ஜாதிக்காயையும் கிராம்பையும் எப்படியோ தருவித்துவிட்ட கெட்டிக்காரர் அவர்! நம் சமையலறை டப்பாவில் சாதுவாக இருக்கும் கிராம்புக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை.

குளத்திலே விளிம்பு நிமிர்ந்த தாம்பாளங்களைப் போல ராட்சச அல்லி இலைகள் மிதக்கும். பூ முதல் நாள் வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு. பக்கத்தில் தாளிப்பனை நிற்கும். பல பத்தாண்டுகள் காத்திருந்து, ஆயுளில் ஒரே ஒரு தடவை பூத்து, காய்த்து, பிறகு மடிந்துவிடும் மரம் அது.

மத்தியானம் தலைநகரம் போர்ட் லூயி. மார்க்கெட்டில் 'டால் பூரி' வாங்குங்கள். இனிப்பில்லாத பருப்புப் போளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! கூடவே சப்ஜா விதை மிதக்கும் 'அலூடா' என்ற குளிர்ந்த பால். மீதிச் சில்லறையோடு வரும் ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அதிலே தமிழ் எழுத்து! கடல் கடந்த தீவில் நம் எழுத்து எப்படி வந்தது?

விடை துறைமுகத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. 'ஆப்ரவாசி காட்' என்று பெயர். பிரமாதமாக ஒன்றும் இல்லை. பழைய கல் கட்டடங்கள், சில படிகள், அவ்வளவுதான். ஆனால் அவசரப்படாதீர்கள்.

அடிமை முறை ஒழிந்த காலத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள் ஆங்கிலேயர்கள். 1834 முதல் கல்கத்தா, பம்பாய், சென்னைத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர்! கரையேறியவர்களை இங்கே தங்க வைத்து, ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஏறிய பெண்களும் உண்டு. ஊருக்குத் திரும்பாதவர்களே அதிகம். 2006-இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தக் கூலிகளின் வம்சத்தார் இன்று அந்நாட்டின் பிரஜைகள். தைப்பூசம் அங்கே பொது விடுமுறை!

இந்தப் படிகளருகே நிற்கும்போது உங்கள் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். நாம் உல்லாசமாக வந்து இறங்கிய தீவில் அவர்கள் எப்படி வந்து இறங்கினார்கள் என்று அவருக்கும் தோன்றாமல் இருக்காது.

சாயங்காலம் வடமேற்குக் கரையில் த்ரூ ஒ பிஷ் கடற்கரை. வெண்மணலில் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பாருங்கள். பேச்சு வந்தால் பேசுங்கள். வராவிட்டால் சும்மா இருங்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், "நம் குடும்பத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். யார் கண்டது? நீங்கள் மார்க்கெட்டில் டால் பூரி வாங்கினீர்களே, அந்த அம்மாள் உங்களுக்கு ஒருவேளை உறவாகக்கூட இருக்கலாம்!