தரையிலே பறக்கும் பயிற்சி

சீவக சிந்தாமணியில் விசயை, மயிற்பொறியைச் செலுத்த முன்னரே பழகியிருந்தாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது அப்பழக்கமே அவளைக் காத்தது.

விமானிகள் அவ்வாறு தரையிலேயே பழகுதற்கு, அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929-இல் ஒரு பொறி அமைத்தார். தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையில் கற்ற துருத்தி வேலையால் அது சாய்ந்தும் திரும்பியும் ஆடிற்று. கேளிக்கைப் பூங்காக்களே முதலில் அதனை வாங்கின! 1934-இல் அஞ்சல் சுமந்த இராணுவ விமானிகள் பலர் மாண்ட பின்னரே இராணுவம் அதனை நாடிற்று.

இன்று காரைக்கால் பகுதியிலுள்ள விழிதியூர்ச் சிறுவனும் இப்பயிற்சியைக் கணினி விளையாட்டாகத் தொடங்கலாம். பெரிய ஜெட் விமானம் தொடக்கத்தில் வேண்டா. செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானமே ஏற்றது. முகப்பை உயர்த்த உயர்த்த விமானம் ஏறும் என்றே புதியவன் எண்ணுவான். அளவு மீறினால் வேகம் குன்றும். காற்றோட்டம் இறக்கையின் மேற்புறத்தை விட்டுப் பிரியும். விமானம் விழத் தொடங்கும். அப்போது, அச்சத்தால் மேலும் உயர்த்தாமல், முகப்பைத் தாழ்த்துதல் வேண்டும்.