மாதுளையில் முத்து பிரிக்கும் முறை

குமரி மாவட்டத்தில் மாதுளை பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் ஓரிரு மரங்களாகவே காணப்படுகிறது. வறண்ட வெயிலை விரும்பும் இம்மரத்திற்கு, இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டம் முழுப் பொருத்தமானதன்று. காய் முதிரும் சமயத்தில் சில வாரங்கள் வெயில் காய்ந்து, பின் திடீரென மழை கொட்டினால், உள்ளிருக்கும் முத்துக்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. காய்ந்து இறுகிய தோலோ விரிந்து கொடுப்பதில்லை. ஆகவே பழம் வெடிக்கிறது. போரான் சத்துக் குறைவும் வெடிப்புக்கு ஒரு காரணமாகும். மரத்தடியில் சருகு பரப்பி, வெயில் காலத்தில் விட்டுவிடாமல் நீர் கொடுத்து வந்தால் வெடிப்பு குறையும், முற்றிலும் நிற்காது.

வெடித்த பழம் சந்தையில் நல்ல விலைக்குப் போகாது. அதற்காக அதைக் குப்பைக்குழியில் போட வேண்டியதில்லை. வெடித்த அன்றே பறித்து முத்துக்களைப் பிரித்துவிட்டால் வீட்டாருக்கு உணவாகும். முழுப் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி முத்தாகவே இருக்கும்.

எல்லா வெடித்த பழங்களையும் எடுக்கலாகாது. வெடிப்பில் பூசணம் படர்ந்தவை, எறும்பு ஏறியவை, புளித்த வாடை வீசுபவை ஆகியவற்றைத் தயங்காமல் ஒதுக்குதல் வேண்டும். சிறு துளையும் அதன் வாயில் எச்சமும் தெரிந்தால், அது காய்த்துளைப்பான் புழுவின் வேலை. உள்ளே அழுகல் தொடங்கியிருக்கும். வெளியே மாசற்றுத் தோன்றும் பழத்திலும் சில சமயம் முத்துக்கள் கறுத்து அழுகியிருப்பதுண்டு. அத்தகைய பழத்தில் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக் கொள்ள முயல வேண்டாம்.

மாதுளை பறித்த பின் பழுப்பதில்லை. காயாகப் பறித்தால் புளிப்பும் துவர்ப்புமாகவே இருக்கும். விரலால் சுண்டினால் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழுவதும், உருண்டையாக இருந்த பழத்தின் பக்கங்கள் சற்றே தட்டையாவதும் முதிர்ச்சியின் அடையாளங்களாகும்.

அறுக்கும் முறை

அரிவாள்மணையில் நடுவே இரண்டாகப் பிளப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். இவ்வாறு செய்வதால் வெட்டு விழும் இடத்திலுள்ள முத்துக்கள் யாவும் அறுந்து சாறு வீணாகிறது. துணியில் பட்டால் கறையும் எளிதில் போவதில்லை. மேலும் மாதுளைத் தோலில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதியாக உள்ளது. அது இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். எனவே எவர்சில்வர் கத்தியே ஏற்றது.

பழத்தின் உள்ளமைப்பை அறிந்து கொண்டால் வேலை எளிது. மகுடம் இருக்கும் பக்கம் ஐந்து முதல் ஏழு வரையிலான பெரிய அறைகளும், காம்புப் பக்கம் மூன்று போலச் சிறிய அறைகளும் அமைந்திருக்கும். அறைகளைப் பிரிப்பது வெண்ணிறச் சவ்வு. முத்துக்களை அறுக்காமல் சவ்வின் வழியே பிரிப்பதுதான் இம்முறையின் சாரம்.

முதலில் பழத்தை நன்கு கழுவி ஈரம் துடைக்கவும். மகுடத்தைச் சுற்றி ஒரு விரற்கடை தள்ளி, தோல் மட்டும் அறுபடுமாறு வட்டமாகக் கீறி, மூடியைப் போல் அகற்றவும். உள்ளே சவ்வுகள் நடுவிலிருந்து நாற்புறமும் ஓடுவது தெரியும். ஒவ்வொரு சவ்வும் தோலைத் தொடும் இடத்திலிருந்து காம்பு வரை மேலாகக் கீறவும். கத்தி ஆழமாக இறங்கினால் முத்து அறுபடும். பின் இரு கட்டைவிரல்களையும் நடுவில் கொடுத்து விரித்தால் பழம் சுளை சுளையாகப் பிரியும். காம்புப் பக்கத்துச் சிறிய அறைகளைக் குறுக்குச் சவ்வு மூடியிருக்கும். அதனையும் உரித்து எடுக்க மறக்கலாகாது. பலர் இதைத் தோலோடு எறிந்து விடுகின்றனர்.

சுளைகளை ஒரு பாத்திரத்தில் நல்ல தண்ணீர் விட்டு அதனுள் வைத்து உதிர்க்கலாம். முத்து அடியில் தங்கும், சவ்வு மிதக்கும், சாறும் தெறிக்காது. உடனே உண்பதற்கு இம்முறை நன்று. ஆனால் எடுத்து வைப்பதானால் ஈரமின்றி உதிர்ப்பதே மேல். பாதிப் பழத்தைக் கவிழ்த்துப் பிடித்து, சிரட்டை அகப்பையின் காம்பால் தோலைத் தட்டி உதிர்ப்பவர்களும் உண்டு. விரைவானதுதான், எனினும் நன்கு முதிர்ந்த பழத்திற்கே ஏற்றது, நசுங்கும் முத்தும் அதிகம்.

பாதுகாத்தல்

பிரித்த முத்துக்களைச் சுத்தமான துணியில் பரப்பி ஈரம் போக்கி, மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாட்கள் தாங்கும். பெட்டி இல்லாத வீட்டில் அன்றே உண்டுவிட வேண்டும்.

1936-ல் பூனாவில் தேர்வு செய்யப்பட்ட கணேஷ், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1985-ல் வெளியிட்ட ஏற்காடு 1 ஆகியவை மென்மையான விதை கொண்டவை. முத்தை அப்படியே மென்று உண்ணலாம். கொல்லையில் விதை போட்டு வளர்ந்த மரங்களின் பழத்தில் விதை கடினமாக இருப்பதுண்டு. இவற்றைச் சாறாக்குவதே நல்லது. முத்துக்களைத் துணியில் கட்டிப் பிழியவும். மிக்ஸியில் இடுவதானால் ஓரிரு சுற்றோடு நிறுத்தி வடிகட்டவும். விதை அரைபட்டால் சாறு கசக்கும், துவர்க்கும்.

மிஞ்சும் தோலைக் கழுவி நிழலில் உலர்த்தி வைக்கலாம். டானின் நிறைந்த இத்தோல் தோல் பதனிடவும் நூலுக்குச் சாயம் ஏற்றவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது; நாட்டு மருந்துக் கடைகளிலும் விற்பனையாகிறது.