பழைய மோட்டார் வண்டியின் சைகை விளக்குகள்: கோளாறும் காரணமும்

வீதியிற் செல்லும் மோட்டார் வண்டி தன் கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்தும் மொழி ஒளியேயாம். வலப்புறம் திரும்ப எண்ணிய சாரதியின் எண்ணம், பின்னே வரும் துவிச்சக்கரவண்டிக்காரனுக்கு ஒரு சிறு விளக்கினாலேயே எட்டுகின்றது. அவ்விளக்கு ஒளிராதொழியின் உயிரிழப்பு நேரவுங் கூடும். ஆயினும் பழைய வண்டிகளில் இவ்விளக்குகள் பழுதுறும்போது, காரணத்தை ஆராயாது ஓர் உறுப்பை மாற்றுவதும், அது பயன்படாதவிடத்து மற்றொன்றை மாற்றுவதுமே பெருவழக்காயுள்ளன. நோயையும் அதன் மூலத்தையும் தெளிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்பது, திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறி மின்சுற்றுக்கும் பொருந்துவதாகும்.

இதனை விளக்குதற்கு மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வண்டி இலங்கை வீதிகளில் நெடுங்காலம் பயின்றது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அரிதாகியபோது, மண்ணெண்ணெயில் ஓடி மக்களுக்கு உதவியவை இத்தகைய பழைய ஆங்கில வண்டிகளே. இதன் முற்பட்ட அமைப்புகளில், கதவுத் தூணிலிருந்து எழுந்து நீளும் ஒளிக்கைகள் சைகை காட்டின. 1961 இல் அவற்றின் இடத்தை விட்டுவிட்டு ஒளிரும் விளக்குகள் பெற்றன.

இவ்விளக்குகளுக்கு மின்வரும் பாதையை முதலில் அறிதல் வேண்டும். 12 உவோற்று மின்கலவடுக்கிலிருந்து எரிபற்றல் ஆளி, உருகி, ஒளிர்ப்பி, சுக்கானருகேயுள்ள சைகை ஆளி ஆகியவற்றைக் கடந்து மின் இடப்புற அல்லது வலப்புற விளக்குகளை அடைகின்றது. லூக்காஸ் நிறுவனத்தின் நிறமுறைப்படி, இடப்புறக் கம்பி பச்சையிற் சிவப்புக் கோடும், வலப்புறக் கம்பி பச்சையில் வெள்ளைக் கோடும் உடையன. சுற்றின் எஞ்சிய பாதி வண்டியின் உலோக உடலாகும். இதற்கெனத் தனிக்கம்பி பெரும்பாலும் இல்லாமையால், பலர் இப்பாதியை மறந்துவிடுகின்றனர்.

ஒளிர்ப்பியின் தொழில் நுட்பமானது. அதனுள் இறுகக் கட்டப்பட்ட மெல்லிய தடைக்கம்பி ஒன்றுண்டு. ஆளியைத் திருப்பியதும் சிறிதளவு மின் இக்கம்பி வழியே ஓடும். விளக்குகள் அப்போது ஒளிரா. கம்பி சூடேறி நீளத் தொடுகைகள் ஒன்றுசேரும்; முழு மின்னோட்டமும் கம்பியை விடுத்து நேரே விளக்குகளைச் சேரும். பின்னர் கம்பி குளிர்ந்து சுருங்கத் தொடுகைகள் பிரியும், விளக்குகள் அணையும். எனவே ஒளிரும் வேகம் மின்னோட்டத்தின் அளவைப் பொறுத்தது. வேகம் மாறுமாயின் மின்னோட்டம் மாறியுள்ளது என்பது அனுமானம்.

இனிக் குறிகளை நோக்குவோர் கோளாற்றின் இடத்தை எளிதில் வரையறுக்கலாம். இருபுறமும் ஒளிராவிடின், குற்றம் இருபுறத்துக்கும் பொதுவான பகுதியில் உளது. மழைத்துடைப்பானும் தடுப்பு விளக்கும் அதே உருகி வழியே மின்பெறுவன. அவை தொழிற்படின் உருகி நன்று. ஒளிர்ப்பியும் ஆளியுமே ஐயத்துக்குரியன. ஒளிர்ப்பிக்கு மின்வரும் முனையையும் ஆளிக்குச் செல்லும் முனையையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்துச் சைகை ஆளியைத் திருப்பும்போது, விளக்குகள் இடைவிடாது ஒளிருமாயின் ஒளிர்ப்பியே பழுதுற்றது எனத் துணியலாம்.

ஒருபுறம் மட்டும் ஒளிராவிடினும், வேகம் மாறினும், ஒளிர்ப்பி குற்றமற்றது. அப்புறத்து மின்குமிழ், அதன் தாங்கி, கம்பி, புவித்தொடுப்பு ஆகியவற்றையே ஆராய்தல் வேண்டும். தடுப்பை அழுத்தும்போது சைகை விளக்கு மங்கலாக ஒளிருமாயின், பின்விளக்குக் கூட்டின் புவித்தொடுப்பு அற்றது என்பது கருத்து. தன் வழி அடைபட்ட மின் அயல் விளக்கினூடே வழிதேடுகின்றது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது மட்டும் வேகம் சிறிது தாழ்தல், தைனமோ பூட்டிய வண்டிகளுக்கு இயல்பேயன்றிக் கோளாறன்று.

இவற்றுள் மிகுதியாக ஏமாற்றுவது புவித்தொடுப்பின் குற்றமே. கடற்காற்று வீசும் ஊர்களில் சேற்றுத்தடுப்பின் அருகேயுள்ள இணைப்புகளிற் கறள் விரைந்து படரும். அதன் விளைவைக் கணக்கிட்டுக் காணலாம். ஒருபுறத்தில் 21 உவாற்றுக் குமிழ்கள் இரண்டு உள; இரண்டும் சேர்ந்து 3.5 அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். அவற்றின் கூட்டுத்தடை ஏறக்குறைய 3.4 ஓம். இரண்டுக்கும் பொதுவான ஓர் இணைப்பிற் கறளால் 1 ஓம் தடை சேருமாயின், மின்னோட்டம் ஏறக்குறைய 2.7 அம்பியராகும், குமிழ்களுக்குக் கிடைப்பது 9.3 உவோற்று அளவேயாம். உவோற்றளவு நான்கிலொரு பங்கே குறையினும், இழையின் வெம்மை தாழ்வதால் ஒளி பாதியிலும் குறைந்துவிடும். ஒளிர்ப்பியும் தன் ஒழுங்கை இழக்கும். இந்நிலையிற் புதிய ஒளிர்ப்பியை வாங்குதல் வீண்செலவாகும்.

இதனைக் கண்டறிய உவோற்றுமானியொன்று போதும். விளக்கு ஒளிரும்போது, குமிழ்த் தாங்கியின் உலோகத்துக்கும் வண்டியின் உடலோடு இணைந்த மின்கலமுனைக்கும் இடையே அளத்தல் வேண்டும். அளவு சுழியத்தை அண்மியிருப்பின் தொடுப்பு நன்று. அரை உவோற்றுக்கு மேற்படின் தொடுப்புத் தீது. மின்கலவடுக்கின் இணைப்பைக் கழற்றிய பின்னர், தொடுகையிடங்களை அரத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது கொழுப்புப் பூசின் நோய் தீரும். இதற்குச் செலவு அற்பமே.

இக்காலத்து ஒளிகாலும் இருவாயிக் குமிழ்களைப் பூட்டுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. அவை கொள்ளும் மின்னோட்டம் மிகச் சிறிது. ஆகவே பழைய ஒளிர்ப்பியின் தடைக்கம்பி உரியவாறு சூடேறாது. மேலும் மொறிஸ் மைனரில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. மறைமுனையை உடலோடு இணைக்கும் இக்கால வண்டிகளுக்கெனச் செய்த மின்னணு ஒளிர்ப்பிகள் இதனிற் பொருந்தா.

கோளாறு தீர்ந்ததென்று முகப்புப் பலகையின் சிறுவிளக்கை மட்டும் நம்பி அமைதலும் ஆகாது. சாரதி காண்பது அச்சிறு விளக்கு. வீதியிற் செல்வோர் காண்பது வெளிவிளக்கு. வண்டியைச் சுற்றி நடந்து நான்கு விளக்குகளையும் கண்ணாற் காண்பதே முடிவான சோதனை. அதற்கு வேண்டுவது ஒரு நிமிடமேயாயினும், அதனாற் காக்கப்படுவது பின்னே நம்பி வருபவனின் உயிராகும்.